70 விழுக்காடும் இரண்டு அலுவலகங்களும்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கைக்கு வந்துவிட்டால் மாதப் பணமும் தானாக வந்துவிடும் என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் நம்புகிறார்கள். அட்டை வேறு, உதவித்தொகை வேறு. குறைபாடு எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. கடலூரில் என் அண்ணனுக்காக அலைந்தபோது இதை எடுத்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அதனால் வீணான மாதங்களை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

அண்ணன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்ததில் வலது முழங்கால் சரியாக மடங்காமல் போய்விட்டது. தலையில் பட்ட அடியால் காது கேட்பதும் குறைந்துவிட்டது. இதற்கு மேல் தேறாது என்று மருத்துவர் சொன்ன பிறகே, குறைபாட்டை அளந்து சான்றிதழ் தரும் மதிப்பீட்டுக்குப் போனோம். இணையப் பதிவு இ-சேவை மையத்தில் எளிதாக முடிந்தது.

மதிப்பீட்டு முகாமில்தான் சிக்கல் தொடங்கியது. பதிவு மேசையில் இருந்தவர், "காது டாக்டர் இன்னைக்கு வரல, காலுக்கு மட்டும் வாங்கிட்டுப் போங்க, அப்புறமா சேத்துக்கலாம்" என்றார். இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலுக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டால், காதைச் சேர்ப்பதற்கு மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நாங்கள் மறுத்துத் திரும்பி, காது கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போனோம்.

எலும்பு மருத்துவர் பொறுமையானவர். முழங்காலின் பக்கவாட்டில் கோணமானியை வைத்து, கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்த்தார். இரண்டு கால்களின் நீளத்தையும் இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை நாடாவால் அளந்தார். காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு உதைக்கச் சொல்லித் தசையின் வலுவைச் சோதித்தார். இனி இவரால் சாரம் ஏற முடியாது என்று நான் சொன்னதற்கு, உடலில் நிலைத்துவிட்ட குறைபாட்டைத்தான் அளக்க முடியும், போன தொழிலுக்குப் படிவத்தில் இடமில்லை என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. ஆனால் சாரம் ஏறிப் பிழைப்பவருக்கும் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் ஒரே விழுக்காடு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காலுக்கு 60, காதுக்கு 30 என்று வந்தது. மொத்தம் 90 என்று உடன் காத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள்; சான்றிதழில் 70 என்று இருந்தது. இரண்டு குறைபாடுகள் இருந்தால் அவற்றை நேராகக் கூட்டுவதில்லை. 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் நெறிமுறை. அண்ணனுக்கு அப்படிச் சேர்ந்தது 10 மட்டுமே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு போதும். ஆனால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையில், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய்ப் பாதிப்பு போன்ற சிலவற்றுக்குத்தான் 40. கடும் பாதிப்பு என்ற பிரிவில் சேர 75 வேண்டும். 70 என்று அச்சிட்ட சான்றிதழைப் பார்த்துக்கொண்டே அந்த உதவித்தொகைக்கான எங்கள் விண்ணப்பத்தை வாங்கி வைத்த எழுத்தர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வருவாய்த்துறையின் ஓய்வூதியத்துக்காக அன்றைக்கே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயிருப்போம். ஒவ்வொரு முறையும் "மேலே போயிருக்கிறது" என்றே அனுப்பினார். கடைசியில், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்த பிறகே தகுதியில்லை என்ற பதில் எழுத்தில் வந்தது. எதைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் மேசையை விட்டு நகராதீர்கள். அந்த மனுவோடு அதை இணைத்ததால்தான் எங்களுக்குப் பதிலே கிடைத்தது.

வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு, வறுமை நிலையில் உள்ளவரானால் 40 விழுக்காடு போதும். 2023 ஜனவரி முதல் அது மாதம் 1,500 ரூபாய். ஒருவரே இரண்டையும் பெற முடியாது. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்த பிறகு கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரித்தார், தனி வட்டாட்சியர் ஆணை வழங்கினார், பணமும் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. காதுக்கான பதிவும் வீண்போகவில்லை. அதைக் காட்டி நலத்துறையில் காதொலிக் கருவிக்கு விண்ணப்பித்து, அதையும் வாங்கிவிட்டோம்.

மதிப்பீடே தவறு என்று கருதுபவர்கள் புதிதாக விண்ணப்பித்துக் காலம் கடத்த வேண்டாம். அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். போகும்போது எக்ஸ்ரே, ஆடியோகிராம், அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றின் அசலையும் கையோடு கொண்டுபோங்கள்.