300 பிக்சலுக்குள் ஓர் ஏரி

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தபோது, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளுக்கு ஒரு இணைய வரைபடம் செய்யும் வேலை வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், அப்புறம் கடலூர் மாவட்டத்து வீராணம். ஏரியைத் தொட்டால் பாப்-அப், அதாவது வரைபடத்தின் மேல் ஒரு சின்னப் பெட்டி, திறக்க வேண்டும். அதற்குள் புகைப்படம், கொள்ளளவு, நீர்மட்ட கிராஃப், யூடியூப் வீடியோ எல்லாம் இருக்க வேண்டும். கேட்டவர்களுக்கு அது மஞ்சள் பை மாதிரி, திணித்தால் கொள்ளும். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

இணைய வரைபடங்கள் செய்ய உதவும் நிரல் தொகுப்பான லீஃப்லெட்டில் பாப்-அப் வைப்பது ஒரு வரி வேலை. உள்ளே எந்த எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் மொழி) எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் நாமாக மாற்றாவிட்டால் உள்ளடக்கத்தின் அகலம் 300 பிக்சலைத் தாண்டாது. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டெமோ அன்று செம்பரம்பாக்கத்தைத் தொட்டேன். பெட்டி திறந்தது. இரண்டு விநாடி கழித்துப் படம் வந்தது. பெட்டி கிடுகிடுவென மேல்நோக்கி வளர்ந்து, ஏரியின் பெயரும் மூடுகிற பெருக்கல் குறியும் வரைபடத்துக்கு வெளியே போய்விட்டன. என் கணினியில் படம் ஏற்கனவே கேஷில், அதாவது பிரவுசரின் சேமிப்பில், இருந்ததால் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. பெட்டி திறக்கும் கணத்தில் உள்ள உயரத்தைக் கணக்கிட்டுத்தான் லீஃப்லெட் வரைபடத்தை நகர்த்தி இடம் விடுகிறது. பிறகு வரும் படத்தைப் பற்றி அதற்குத் தெரியாது. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். இரண்டு எண்கள்! அன்று மாலை பேருந்தில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிராஃப் வேறு விதமாகப் படுத்தியது. பெட்டி திறப்பதற்கு முன்பே வரைந்துவிட்டேன். வலைப்பக்கத்தில் இன்னும் சேராத கேன்வாஸுக்கு (கிராஃப் வரையும் இடம்) அகலம் பூஜ்யம், அதனால் வெறும் வெள்ளை. பாப்-அப் திறந்த பிறகு வரையச் சொன்னதும் வந்துவிட்டது. வீடியோவில் பிரச்சினை சின்னதுதான்: சாதாரண யூடியூப் முகவரியை ஐஃப்ரேமில் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) போட்டால் திறக்காது, பதிப்பதற்கென்று தரும் முகவரியைப் போட வேண்டும்.

ஆனால் உண்மையிலேயே பயந்தது பெட்டிக்குள் வந்த ஒரு குறிப்பைப் பார்த்துத்தான். களத்தில் இருந்த ஒருவர், நீர்மட்டம் முழுக் கொள்ளளவு மட்டத்துக்குக் கீழே என்று சொல்ல, 'சிறியது' குறியைப் போட்டு ஒட்டினாற்போல் எஃப்டிஎல் (அந்த முழு மட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். எச்டிஎம்எல் கட்டளையான டேக்கும் அதே குறியில்தான் தொடங்கும்; பிரவுசர் அதை ஒரு டேக் என்று நினைத்து, அந்த வரியின் மிச்சத்தை விழுங்கிவிட்டது. கரை எங்கே அரித்திருக்கிறது என்று அவர் எழுதியதும் அதோடு போயிற்று. பாவம், அவர் மேல் தவறில்லை. வெளியிலிருந்து வரும் எழுத்தை அப்படியே எச்டிஎம்எல்லாக ஊற்றியவன் நான்தான். விஷமம் தெரிந்தவர் யாராவது அந்தக் குறிப்பில் நிரலையே எழுதியிருந்தால், அதுவும் ஓடியிருக்கும்.

எல்லாம் சரியான பிறகு, பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் போனைக் கொடுத்தோம். பெட்டிக்குள் 2015 வெள்ளத்துக்கு ஒரு கோடு, 2019 வறட்சிக்கு ஒரு கோடு, இந்த வருடத்துக்கு ஒரு கோடு. அந்த அகலத்தில் மூன்றும் சிக்கெடுக்காத நூல்கண்டு போலக் கிடந்தன. அவர் விரலால் மேலே தள்ளினார். பெட்டி நகர்ந்ததா வரைபடம் நகர்ந்ததா என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

"தம்பி, இதுல தண்ணி எவ்வளவு இருக்குன்னு எங்க போட்டிருக்கு?"

கீழே இருந்தது. படம், கிராஃப், வீடியோ எல்லாம் தாண்டி, கடைசி வரியில்.

அந்த வாரம் பாப்-அப்பைப் பிரித்துப் போட்டேன். ஏரியின் பெயர், இன்றைய மட்டம், பக்கத்திலேயே முழு மட்டமும் கொள்ளளவும்: செம்பரம்பாக்கம் என்றால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. அதற்குக் கீழே 'மேலும்' என்று ஒரு பொத்தான்; அதை அழுத்தினால் பக்கவாட்டில் ஒரு பலகை விரிந்து மற்றதெல்லாம் வரும். மேலாளர் வீடியோ எங்கே என்று இரண்டு முறை கேட்டார். பலகையில் இருக்கிறது சார் என்றேன்.

பெரியவரிடம் மறுபடி காட்டினோம். புழலைத் தொட்டார், பார்த்தார், மூடினார். பூண்டியைத் தொட்டார். 'மேலும்' பக்கம் அவர் போகவே இல்லை.