கவராயம் குத்தின ஓட்டை

பத்தாங்கிளாஸ் மேத்ஸ் எடுக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான் இது. கொஸ்டின் பேப்பர் கடைசில ஒரு செய்முறை வடிவியல், ஒரு கிராஃப், ஆளுக்கு 8 மார்க், ஆக 16. பாஸ் மார்க் 35ல கிட்டத்தட்ட பாதி இங்கயே வந்துருது, அதனால மெல்லக் கற்போருக்கு சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்னு ஆரம்பிச்சா மொத நாளே கவராயத்த கையில குடுத்துருவோம். நானும் அப்படித்தான் பல வருஷம் ஓட்டுனேன். இருவது தடவ போட வச்சா கண்ண மூடிட்டு போடுவாங்க, அதுல எனக்கு பெருமை வேற.

முக்கோணம் பிக்யூஆர்ல அடிப்பக்கம் பிக்யூ = 8 செ.மீ, கோணம் ஆர் = 60 டிகிரி, ஆர்லருந்து பிக்யூவோட நடுப்புள்ளிக்கு வர்ற நடுக்கோடு 5.8 செ.மீ, முக்கோணம் வரைஞ்சு ஆர்லருந்து பிக்யூக்கு செங்குத்தா இறங்குற குத்துக்கோடு நீளம் காண்க. இந்த கணக்கு தெரியாத பத்தாங்கிளாஸ் புள்ளையே இருக்காது, விட 3.8ன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஒரு வருஷம் ரிவிஷன் டெஸ்ட்ல சும்மா 5.8ஐ மட்டும் 6ன்னு மாத்திக் குடுத்தேன், வேற எதையும் தொடல. படம் முக்காவாசிப் பேருக்கு அழகா சரியா வந்துருச்சு, ஆனா கீழ விட எழுதுற எடத்துல பதினோரு பேர் 3.8ன்னு எழுதி கட்டம் கட்டி வச்சிருக்காங்க. நான் ஸ்கேல வச்சு அவங்க படத்துலயே அளந்து பாக்குறேன், 4.3 இருக்கு, கணக்குப்படியும் 4.3தான் வரணும். அளந்தே பாக்கல. அளக்கணும்னு தோணவே இல்ல, அந்த கணக்குக்கு விட 3.8, அவ்ளோதான்.

அன்னிக்கு ராத்திரி மிச்ச பேப்பர திருத்தும்போதுதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. ஒரு பேப்பர்ல பிக்யூவ சரிபாதில செங்குத்தா வெட்டுற மையக்குத்துக்கோடு ரொம்ப சுத்தமா இருந்துச்சு, மேலயும் கீழயும் வில் எல்லாம் பெருக்கல் குறி மாதிரி கச்சிதமா வெட்டுது. ஏதோ ஒரு சந்தேகத்துல தாளத் திருப்பி பின்பக்கம் வெரல ஓட்டிப் பாத்தேன். கவராயத்த ஊனி வரைஞ்சிருந்தா பி, க்யூ ரெண்டு எடத்துலயும் முள்ளு குத்துன மேடு தட்டுப்படணும், ஒண்ணுமே இல்ல, முக்கோணத்த சுத்தி வட்டம் போட மையமா வச்ச ஓங்கற புள்ளி கிட்ட மட்டும் ஒரே ஒரு ஓட்டை. பையன் என்ன பண்ணிருக்கான்னா ஸ்கேல்ல 4 செ.மீ அளந்து புள்ளி வச்சு, கோணமானில 90 வச்சு கோட்ட இழுத்துட்டு, அப்புறம் கையால அந்த வில்லு நாலையும் அலங்காரத்துக்கு போட்டு விட்டிருக்கான்! கூப்டு கேட்டேன், கோவப்படாமதான் கேட்டேன். "வில் இல்லனா மார்க் கொறைப்பாங்கன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க"ன்னான். வாஸ்தவம், நான்தான் சொன்னேன்.

அவன தப்பு சொல்ல முடியாது. படத்துக்கு இவ்ளோ, அளவு குறிச்சு கைவாக்குல போடுற உதவிப்படத்துக்கு இவ்ளோன்னு பிரிச்சுத்தான் மார்க் போடுறோம், தாள்ல என்ன தெரியுதோ அதுக்குத்தான் மார்க். அந்த வில்லு எதுக்குங்கறது தாள்ல தெரியாது.

அதுக்கப்புறம் நான் கிளாஸ்ல கேள்விய மாத்த ஆரம்பிச்சேன், எழுதி வாங்குறத விட வாயால கேக்குறது ஜாஸ்தி. ஒரு கேள்வி, "கோணம் ஆர் மேல இருக்கு, 60 டிகிரிய ஏன் பி கிட்ட கீழ்ப்பக்கமா போடுற?" கிளாஸே அமைதி. ஒரு பொண்ணு "அப்படித்தான் மிஸ் மொத ஸ்டெப்பு"ன்னா. இத்தனைக்கும் தொடுகோட்டுக்கும் நாணுக்கும் நடுவுல இருக்குற கோணம் மாற்று வட்டத்துண்டுல, அதாவது நாணுக்கு எதிர்ப்பக்கத்து வட்டப்பகுதில, இருக்குற கோணத்துக்கு சமம்னு தேற்றம் எழுதச் சொன்னா கடகடன்னு எழுதுவாங்க, ஆனா இங்க பி கிட்ட கீழ்ப்பக்கமா 60 டிகிரில போட்ட பிஈங்கற கோடுதான் அந்த தொடுகோடு, பிக்யூதான் அந்த நாண், ஓபி அதுக்கு செங்குத்தா நிக்கறதால அது ஆரம், அதனாலதான் வட்டத்தோட மேல் வில்லுல எங்க ஆர் வச்சாலும் 60 வருதுன்னு ரெண்டையும் முடிச்சுப் போடத் தெரியல. யூக்ளிட் எலிமெண்ட்ஸ் மூணாவது புத்தகத்துல 32ஆவதா இந்த தேற்றம் இருக்கு, 33ஆவதா இதே வரைமுறை இருக்கு, அடுத்தடுத்துதான் வச்சிருக்காரு மனுஷன். நாமதான் தேற்றத்த ஒரு மாசமும் செய்முறைய இன்னொரு மாசமும் நடத்தி ரெண்டுக்கும் நடுவுல ஒரு பரீட்சையும் வச்சுர்றோம்.

இன்னொரு கேள்வி, "இந்த ஓ யாரு?" முக்கோணத்தோட மூணு மூலை வழியாவும் போற வட்டத்துக்கு மையம், அதான் சுற்றுவட்ட மையம், ஒம்பதாவதுல அத வரைஞ்சவங்கதான் எல்லாரும். ரெண்டு பேர் சொன்னாங்க, மத்தவங்களுக்கு ஓன்னா ஓ.

வடிவொத்த முக்கோணத்துலயும், அதான் குடுத்த முக்கோணத்த அதே வடிவத்துல பெருசாவோ சின்னதாவோ வரையறது, இதே கததான். 7/4 மடங்குன்னா ஒரு மூலைலருந்து இழுக்குற கதிர்ல சம தூரத்துல ஏழு புள்ளி, 4/7னாலும் ஏழு புள்ளி, பெரிய நம்பர் எதுவோ அத்தன புள்ளின்னு நாமளே சூத்திரம் குடுத்துருக்கோம். அப்புறம் எந்தப் புள்ளிய ஆரோட சேக்கறது, எதுலருந்து இணைகோடு போடறதுங்கறதுல பாதி பேர் மாத்திப் போட்டுருவாங்க. இப்பல்லாம் பென்சில எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேப்பேன், வரப்போற முக்கோணம் பெருசா சின்னதா? அதுக்கு சரியா பதில் சொன்னவன் மாத்திப் போட்டாலும் தானே கண்டுபுடிச்சு அழிச்சுட்டு திருத்திக்கறான், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

ரொம்ப யோசிச்சு பண்ண ஒரு வேலையும் சொல்றேன், கொஞ்சம் குசும்புதான். பிக்யூ 8, கோணம் 60, குத்துக்கோடு 7.5 செ.மீன்னு ஒரு கணக்கு குடுத்தேன். இது வராது. அந்த வட்டத்தோட உச்சியே பிக்யூலருந்து 6.9 செ.மீ சொச்சம்தான், 7.5ல பிக்யூக்கு இணைகோடு போட்டா அரை சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி விட்டு வட்டத்த தொடாமலே போயிரும். முப்பத்தெட்டு பேர்ல பெரும்பாலானவங்க முக்கோணம் வரைஞ்சே குடுத்துட்டாங்க! ஒருத்தன் கோட்ட 6.5 கிட்ட இறக்கிப் போட்டு பக்கத்துல 7.5ன்னு எழுதிட்டான், ஒருத்தி கவராயத்த கொஞ்சம் அகட்டி வட்டத்தையே பெருசாக்கிட்டா, அது பிலயும் போகல க்யூலயும் போகல. ரெண்டு பேர் வெறும் தாளக் குடுத்தாங்க. கடைசி பெஞ்சுல இருக்குற ஒரு பொண்ணு, வழக்கமா இருவது மார்க் தாண்டாது, படத்த பாதில நிறுத்திட்டு ஓரமா எழுதியிருந்தா, "கோடு வட்டத்துல படல மிஸ். மூணு தடவ போட்டேன். கேள்வி தப்பு." அந்த ஒரு தாளுக்கு எட்டுக்கு எட்டு போட்டேன். சக டீச்சர் ஒருத்தங்க பாத்துட்டு "படமே முடியல, முழு மார்க்கா?"ன்னாங்க, முடியாதுன்னு கண்டுபுடிச்சதுக்குத்தான் மார்க்னேன், அவங்களுக்கு திருப்தி இல்ல. பப்ளிக்ல இப்படி கேக்கப் போறதில்ல, அப்புறம் எதுக்கு பசங்கள கொழப்பணும்னு அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, மார்ச் ஏப்ரல்ல எனக்கும் அதே பயம்தான். அந்த ரெண்டு மாசம் நானும் பழையபடி ஸ்டெப் ஸ்டெப்பா ட்ரில்தான் வாங்குறேன், மறைக்க ஒண்ணுமில்ல.

ஆனா ஜூன் ஜூலைல நேரம் இருக்கும்போது இப்ப ஒண்ணு பண்றேன். அட்டைல 8 செ.மீ தள்ளி ரெண்டு குண்டூசி குத்திக்கணும், பாக்ஸ்ல இருக்குற மூலைமட்டத்தோட 60 டிகிரி மூலைய ரெண்டு ஊசிக்கு நடுவுல நொழச்சு, ரெண்டு ஓரமும் ஊசிய ஒட்டியே இருக்குற மாதிரி நகத்தி நகத்தி அந்த முனை வர்ற எடத்துல எல்லாம் பென்சில் புள்ளி வைக்கணும். ஏழெட்டு புள்ளி வரைக்கும் வெளையாட்டா இருக்கும், பத்து பன்னெண்டு ஆச்சுன்னா "ஏய் வட்டம்டா"ன்னு எங்கயாவது ஒரு மூலைல சத்தம் கேக்கும்.

போன ஜூலைல ஒரு பையன், "90 மூலைய வச்சா மிஸ்?"னு கேட்டான். வச்சுப் பாருன்னுட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டேன். திரும்பி வரும்போது அரை வட்டமா புள்ளி வச்சிருந்தான். ஓ எங்கன்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள அவனே ரெண்டு ஊசிக்கும் நடுவுல ஸ்கேல வச்சு, 4 செ.மீ கிட்ட பென்சிலால அழுத்தி ஒரு புள்ளி வச்சுட்டு கவராயத்த தேடிக்கிட்டு இருந்தான்.