ஐந்தடி இரண்டங்குலம்

மே 16, மெல்பர்ன்

ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் இந்த மாதச் சுற்று ஆட்டங்களுக்கு டக் நிக்கோல்ஸ் பெயரை வைக்கிறார்கள். பெயர் தெரியும், ஆள் யாரென்று தெரியாமலே இத்தனை நாள் ஆட்டம் பார்த்திருக்கிறேன். சரி, படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

1906இல் மர்ரி ஆற்றங்கரையில், கம்மராகஞ்சா என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் வேலை. கத்தரி பட்டுக் காயமான ஆடுகளுக்கு ஓடி ஓடித் தார் பூசுகிற பையன்.

மே 18

1927. கார்ல்டன் அணியில் சேரப் போகிறார். அவர்மேல் வாடை அடிக்கிறது என்றார்கள் சக ஆட்டக்காரர்கள். உடம்பு பிடித்துவிடுகிறவர் அவர் காலைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ‘தொட மாட்டேன்’ என்ற சொல்லின் கனம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் நார்த்கோட் அணிக்குப் போனார். 1929இல் அந்த அணி கோப்பையை வென்றது. கையில் காசு வேண்டுமே, அதே ஆண்டு ஓட்டப்பந்தயங்களிலும் ஓடி ஜெயித்திருக்கிறார்.

மே 19

காலையில் 11ஆம் நம்பர் டிராமில் பழைய பிரன்ஸ்விக் தெரு மைதானத்துக்குப் போனேன். 1932 முதல் 1937 வரை ஃபிட்ஸ்ராய்க்காக அவர் 54 ஆட்டங்கள் ஆடிய காலத்தில் அணியின் சொந்த மைதானம் இதுதான். அந்தக் காலப் பார்வையாளர் மாடம் இன்னும் நிற்கிறது.

ஒரு சிறுமி பந்தைத் தரையில் தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தாள். முட்டை வடிவப் பந்து, முனை சற்றுத் தப்பி விழுந்தாலும் எங்கோ தாவிவிடும். மூன்று முறை தவறவிட்டு ஓடிப்போய் எடுத்து வந்தாள். பந்தோடு ஓடுகிறவர் அதை இப்படித் தட்டிக்கொண்டேதான் ஓட வேண்டும். இந்தப் பந்தை வைத்துக்கொண்டு விங்கில், அதாவது மைதானத்தின் பக்கவாட்டு ஓரத்தில், முழு வேகத்தில் பறந்தவர் நிக்கோல்ஸ். உயரம் ஐந்தடி இரண்டங்குலம். ஆனாலும் நெடிய ஆட்களுக்கு மேலே எம்பிப் பந்தைப் பிடிப்பாராம். 1935இல் விக்டோரியா மாநில அணிக்கும் ஆடினார். அந்த அணிக்குத் தேர்வான முதல் பூர்வகுடி ஆட்டக்காரர் அவர்தான்.

எனக்கு மனசில் நிற்பது வேறு. ஃபிட்ஸ்ராய்க்கு வந்த புதிதில், உடை மாற்றும் அறையில் அவர் ஒதுங்கித் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அப்போதைய பெரிய நட்சத்திரம் ஹேடன் பன்டன் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாடத்தின் கீழே நெடுநேரம் நின்றேன்.

மே 22

முழங்கால் காயத்தோடு ஆட்டம் முடிந்தது. அப்புறம் போதகர். 1972இல் சர் பட்டம், 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். இவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன.

பார்லிமென்ட் தோட்டத்தில் அவரும் மனைவி கிளாடிஸும் வெண்கலச் சிலையாக நிற்கிறார்கள். வேலை முடிந்து அந்த வழியாக நடந்து வந்தேன். 1988இல் அவர் இறந்தபோது உடலை கம்மராகஞ்சாவுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த ஆற்றங்கரைக்கு ஒருமுறை போக வேண்டும்.