வட்டம் முழுவதையும் எடுத்துப் பார்த்தேன்: சதுர சென்சார் வந்தால் என்ன கிடைக்கும்?

லென்ஸ் விழவைக்கும் பிம்பம் வட்டமானது. அதைப் பதிவு செய்யும் சில்லான சென்சார்தான் செவ்வகம். ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவே சென்சார் உள்ள கேமராவில் அது 36க்கு 24 மி.மீ., 3:2 விகிதம்; மூலைவிட்டம் 43.3 மி.மீ. அதனால் குறைந்தது அவ்வளவு விட்டமுள்ள வட்டத்தை லென்ஸ் கொடுத்தே தீர வேண்டும். செவ்வகத்துக்கு வெளியே விழும் ஒளி பதிவாகாமலே போகிறது. சதுர சென்சார் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமே, ஏன் போடுவதில்லை என்ற கேள்வி ரொம்ப நாளாக மனசில் இருந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டு முடித்துவிடலாம். எனக்கு அந்த வட்டத்தைப் படமாகவே பார்க்க வேண்டும் என்று ஆசை.

கையில் இருப்பது 24 மெகாபிக்சல் கேமராவும், டிரைபாடில் மாட்டும் வளையம் உள்ள ஒரு 70-200 லென்ஸும். அந்த வளையத்தைத் தளர்த்தினால் கேமராவும் லென்ஸும் சேர்ந்து, லென்ஸின் அச்சிலேயே சுழலும். பார்க்கும் திசை மாறாது, செவ்வகம் மட்டும் திரும்பும். இப்படித் திருப்பித் திருப்பி எடுத்து ஒன்றாக ஒட்டினால் வட்டம் நிறைந்துவிடும்.

எவ்வளவு திருப்புவது என்பதில்தான் சுவாரசியம். 3:2 செவ்வகத்தின் மூலை, நடுவிலிருந்து பார்த்தால் 33.7 பாகையில் இருக்கிறது. சதுரத்தின் மூலை 45 பாகையில். ஆகவே கேமராவை 11.3 பாகை திருப்பினால் செவ்வகத்தின் மூலை சதுரத்தின் மூலையில் போய் உட்காரும். படுக்கையாக ஒன்று, அதிலிருந்து இரு பக்கமும் 11.3 பாகை சாய்த்து ஒவ்வொன்று, செங்குத்தாகவும் அதே மாதிரி எடுத்தால் சதுரம் முழுக்க மூடிவிடும். லென்ஸ் வளையத்தில் 90 பாகைக்கு மட்டுமே கோடு இருந்தது. ஒரு பாகைமானியை நகல் எடுத்து, வெட்டி, வளையத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டேன்.

எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரும் ஜன்னல் கிரில்லும்தான் காட்சி. மரம், மேகம், கொடியில் காயும் துணி எதுவும் சட்டத்துக்குள் வரக்கூடாது. அசைந்தால் ஒட்டு தெரியும். மேனுவல் ஃபோகஸ், மேனுவல் எக்ஸ்போஷர், லென்ஸ் துளை எஃப் 8. ஹக்கின் என்ற இலவச மென்பொருளில் சுழற்சியை மட்டும் சரிசெய்யச் சொல்லி ஒட்டினேன். கிரில் கம்பிகள் ஒன்றோடொன்று பொருந்தி, விளிம்பில் பல் பல்லாக ஒரு பெரிய உருவம் திரையில் வந்தது. மேலும் சில கோணங்களில் எடுத்துச் சேர்த்ததும் விளிம்பு வட்டமாகத் திரண்டது. அதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் இந்த லென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது இவ்வளவு!

பிறகு அந்த வட்டத்திலிருந்து ஒவ்வொரு விகிதமாக வெட்டினேன். 3:2 என்றால் 24 மெகாபிக்சல். 4:3 வெட்டினால் 25. சதுரம் 5099க்கு 5099, அதாவது 26. வெறும் 8 சதவீதம்தான் கூடுதல். பெரிசாக எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். சதுரத்துக்காகப் பரப்பளவை வைத்து வாதாடுவதில் பலமில்லை என்பது எனக்கு இப்போது உறுதி.

ஆனால் அதே சதுரத்திலிருந்து ரீல்ஸுக்கான 9:16 செங்குத்துப் படத்தை வெட்டினேன்: 14.6 மெகாபிக்சல். படுக்கையாக எடுத்த சாதாரண 3:2 படத்திலிருந்து வெட்டினால் 9தான் தேறும். கேமராவைத் திருப்பாமல் இரண்டு விதமாகவும் எடுக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய லாபம். மறுபக்கம், 16:9 அகலப்படம் வேண்டுமென்றால் 3:2வில் 20.25 மெகாபிக்சல் கிடைக்கிறது, சதுரத்தில் அதே 14.6தான். நிலக்காட்சி எடுப்பவருக்குச் சதுரம் நஷ்டம். யாருக்கும் நஷ்டமில்லாமல் செய்ய 36க்கு 36 மி.மீ. சென்சார் போட வேண்டும். சிலிக்கான் பரப்பு ஒன்றரை மடங்கு. சென்சார் பெரிதாகப் பெரிதாக ஒரு வேஃபரில் (சில்லுகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டில்) தேறும் எண்ணிக்கை குறையும், குறையுள்ளவை கழியும் விகிதமும் கூடும். உயரம் கூடினால் ஷட்டர் திரை ஓட வேண்டிய தூரமும் கூடும். ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம் அடிவாங்கும். 3:2வைக் கணக்கில் வைத்து இதழ் இதழாக வெட்டிய லென்ஸ் ஹூடுகள் (லென்ஸ் முன்னால் மாட்டும் ஒளி மறைப்புகள்) படத்தின் ஓரங்களை மறைக்கும்.

இந்த 3:2 வந்த கதையும் ஃபிலிம் சுருளிலிருந்துதான். லைட்ஸ் நிறுவனத்தின் ஆஸ்கர் பர்னாக் சினிமா ஃபிலிமின் 18க்கு 24 சட்டத்தை இரட்டித்து 24க்கு 36 ஆக்கினார். 1925ல் அவருடைய லைக்கா கேமரா சந்தைக்கு வந்தது. அந்த அளவுக்குச் செய்த லென்ஸ்களும், அவற்றைக் கேமராவில் மாட்டும் மவுண்ட்களும் டிஜிட்டலுக்கு அப்படியே வந்தன. பழைய லென்ஸ்களைச் சுமக்காமல் புதிதாகத் தொடங்கிய ஃபோர் தேர்ட்ஸ் முறை மட்டும், 2003ல் ஒலிம்பஸ் இ-1 கேமரா வந்தபோது, 4:3ஐ எடுத்துக்கொண்டது.

சந்தை சதுரத்தைக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கேட்ட இடத்தில் வந்திருக்கிறது. கோப்ரோ 2022ல் ஹீரோ 11 என்ற ஆக்‌ஷன் கேமராவில் கிட்டத்தட்ட சதுரமான 8:7 சென்சார் வைத்தது. ஆப்பிள் 2025ல் ஐஃபோன் 17ன் முன்கேமராவில் சதுர சென்சாரே வைத்தது. இரண்டிலும் சென்சார் சின்னது, லென்ஸ் மாற்ற முடியாதது, வாங்குபவர்கள் செங்குத்தாகவும் படுக்கையாகவும் வெளியிடுபவர்கள். கூடுதல் சிலிக்கானுக்கு ஆகும் செலவு அங்கே தாங்கும். பெரிய சென்சாரில் அந்தச் செலவை வாங்குபவர் தலையில் வைக்க வேண்டிவரும். மெனுவில் இருக்கும் க்ராப்பே போதும் என்று அவர் திருப்திப்படுகிறார்.

எனக்குப் பிடித்த தீர்வு பானாசோனிக் செய்தது. 2014ல் வந்த எல்எக்ஸ்100 கேமராவில் சென்சாரை லென்ஸின் வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்து, 4:3, 3:2, 16:9 மூன்றிலும் மூலைவிட்டம் குறையாதபடி வெட்டினார்கள். லென்ஸ் மேலேயே அதற்கு ஒரு சுவிட்ச். சென்சார் 16 மெகாபிக்சல் என்றாலும் அதிகபட்சம் கிடைப்பது 12.8தான். அந்த எண்ணைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு; வட்டத்தை முழுசாகப் பார்த்தபிறகு எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது.

அடுத்து 24 மி.மீ. லென்ஸில் இதே சோதனை. அதில் டிரைபாட் வளையம் கிடையாது. கேமராவையே லென்ஸ் அச்சில் சுழற்றும் பிராக்கெட் ஒன்றை மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். அகல லென்ஸில் ஓரத்து வளைவு அதிகம் என்பதால், ஒட்டும் முன் டிஸ்டார்ஷனைத் தனியே அளந்து திருத்த வேண்டியிருக்கும்.