வருடத்துக்கு ஒரு தடவை பள்ளிக்குள் போய்ப் பாருங்கள்

சான் டியாகோ பக்கம் குடிவந்த பிறகுதான் சார்ட்டர் பள்ளி என்ற ஏற்பாடே எனக்குத் தெரியும். அரசுப் பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளிதான். ஆனால் பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், வரவுசெலவு எல்லாம் பள்ளியை நடத்துகிறவர்கள் கையில். கலிபோர்னியாவில் 1992-ல் சட்டம் வந்தது. பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டம்தான், அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புதான், குறிப்பிட்ட வருடங்களுக்கு அனுமதி தரும். அதுவேதான் கண்காணிக்கவும் வேண்டும்: வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் போக வேண்டும், நிதிநிலையைப் பார்க்க வேண்டும். அதற்காகப் பொதுவாகப் பள்ளியின் வருமானத்தில் 1 சதவீதம் வரை கட்டணம் எடுத்துக்கொள்ளலாம்.

வில்லங்கமே அந்தக் கட்டணத்தில்தான். எங்கள் கவுண்டியிலேயே டெஹீசா என்று ஒரு குட்டி மாவட்டம் இருக்கிறது. சொந்தமாக ஒரே பள்ளி, சுமார் 150 பிள்ளைகள். அது ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்து, பல மடங்கு பிள்ளைகளுக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டிருந்தது. 2019-ல், இப்படிப்பட்ட ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளை நடத்திய ஏ3 என்ற நிறுவனத்தின் மீதான வழக்கு வெடித்தது. கோடைகால விளையாட்டுக் குழுக்களுக்குப் பணம் கொடுத்துப் பிள்ளைகளின் விவரங்களை வாங்கி, மாணவர்களாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். தாங்கள் ஒரு பள்ளியில் சேர்ந்திருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது! மாநிலம் கொடுத்த தொகை 40 கோடி டாலருக்கு மேல். வழக்கின் முக்கியப் புள்ளிகள் இருவரும் 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கண்காணிக்க வேண்டியவருக்கே பள்ளி பெருத்தால்தான் வருமானம் என்றால், யார் போய்க் கணக்குக் கேட்பார்கள்?

சரி, மோசடி ஒரு பக்கம். நேர்மையாக நடந்தும் பிள்ளைகள் தேறாத பள்ளியை என்ன செய்வது? 2019-ல் வந்த ஏபி 1505 சட்டப்படி, பள்ளிகளின் தரத்தை நிறங்களில் முள் வைத்துக் காட்டும் மாநில டாஷ்போர்டில், தொடர்ந்து கடைசி இரண்டு நிறங்களான சிவப்பிலும் ஆரஞ்சிலுமே கிடக்கும் பள்ளிக்குப் பொதுவாக அனுமதிப் புதுப்பித்தல் கிடையாது. முன்னேற்றத்துக்கு ஆதாரம் இருந்தால் இரண்டு வருடம் மட்டும் கொடுக்கலாம்.

அப்படி ஒரு பள்ளியின் அனுமதியைப் புதுப்பிப்பதா என்று பள்ளி மாவட்டத்தின் போர்டு நடத்திய விசாரணைக்கு நானும் போயிருந்தேன். பெற்றோர்கள் ஒரே நிற டீ-ஷர்ட்டில் வரிசையாக நின்றார்கள். ஒரு அம்மா, பழைய பள்ளியில் அடிவாங்கி வாயே திறக்காமல் இருந்த மகள் இங்கே வந்துதான் பேச ஆரம்பித்தாள் என்றார். பேசி முடிப்பதற்குள் நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. திரையிலோ கணக்குப் பாடத்துக்குச் சிவப்பு முள். இரண்டுமே உண்மைதான். அப்புறம் போர்டு உறுப்பினர் ஒருவர், "கடைசியாக நேரில் பார்த்தபோது வகுப்பறையில் என்ன கண்டீர்கள்?" என்று மாவட்ட அதிகாரியைக் கேட்டார். அவர் ஃபைலைப் புரட்டினார். கட்டடம், தீயணைப்பு, ஆசிரியர் சான்றிதழ் எல்லாம் இருந்தன. கணக்கு வகுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. முதல் வருடமே யாராவது அந்த வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தால், அந்த அம்மா பள்ளி மூடப்படுமோ என்று பயந்து அங்கே நிற்க வேண்டியிருக்காது. சுதந்திரமாக நடத்தட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆண்டு ஆய்வறிக்கையை வருடா வருடம் போர்டு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. உங்கள் மாவட்டத்தில் சார்ட்டர் பள்ளி இருந்தால், நீங்களும் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.