அப்பத்தா சேலையில் மாட்டிய ஈ

நேற்று சாயங்காலம் எங்கள் வளவில் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பத்தாவின் கண்டாங்கி.

கொலராடோத் தம்பி போன மாதம் வந்தபோது ஒன்பதடித் தூண்டில் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். புழு கிடையாது, தக்கை கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. இறகும் நூலும் சுற்றிய ஒரு பொய் ஈ. அதற்கு எடையே இல்லாததால் தூண்டில் நரம்பின் கனத்தில்தான் வீச வேண்டுமாம். பின்னால் வீசி, நரம்பு முழுசாக நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால். பொறுப்பதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? வடை சட்டியில் இருக்கும்போதே தட்டை நீட்டுகிற ஆள் நான்.

வெள்ளைக்காரர்கள் இந்த விளையாட்டுக்காகவே ஊட்டி ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். சரி, அது ஊட்டி. எங்கள் கண்மாயில் கெண்டையும் ஜிலேபியும்தான்.

தம்பி வீடியோவில் தினமும் பாடம் எடுத்தான். "அண்ணே, முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கு. காய்ஞ்சபடி இழுத்தா சூட்டுல நரம்பு பலம் போயிரும். கொக்கி நுனியை நகத்துல வச்சுப் பாரு, வழுக்கினா தீட்டு. கொக்கியில பின்னால பாக்குற குட்டி முள்ளைக் குறட்டால நசுக்கிரு, மீனுக்கும் நல்லது, உன் காதுக்கும் நல்லது." காது என்றதும் அதை மட்டும் உடனே செய்தேன். "பழகுறப்பக் கொக்கி வேணாம், கம்பளி நூல் கட்டு" என்றும் சொன்னான். காரைக்குடி வெயிலில் கம்பளி நூலை எந்தக் கடையில் கேட்பது? கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

இரண்டாங்கட்டு முற்றத்தில் மூன்றாவது வீச்சிலேயே கொடியில் காய்ந்த சேலை பறந்து வந்தது. வத்தல் புரட்டிக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்து, "ஏண்டா, மீனு ஆகாசத்துலயா கிடக்கு?" என்றார்.

முள்ளை நசுக்கியிருந்ததால் ஓர் இழைகூட அறுபடாமல் கொக்கி வந்துவிட்டது. அத்தோடு போயிருக்கும். அப்பத்தா ஈயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம சேவல் கழுத்து இறகாச்சே!"

தம்பி இருந்த பத்து நாளில் சேவலின் கழுத்து ஏன் மொட்டையானது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதற்காகப் பக்கத்து வீட்டுப் பூனையை ஒரு வாரம் ஏசியிருக்கிறார். பூனை வீட்டுக்காரர்களையும் சேர்த்துத்தான்.

இன்று காலை கண்மாய்க்கு அவரும் கூட வந்தார். என்னை வேவு பார்க்கத்தான் என்று நினைத்தேன். கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி, "உன் நெழல் தண்ணியில விழுகுதுல்ல, மீனு நிக்குமா? சூரியனைப் பாத்து நில்லு" என்றார். இதைத் தம்பி சொல்லவே இல்லை. மாறி நின்றேன். நாலாவது வீச்சில் கையகலத்தில் ஒரு ஜிலேபி.

முடிச்சு நழுவியதும் நரம்பைப் பிடுங்கி, வாயில் நனைத்து, இறுக்கிக் கொடுத்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "ஊசியில நூல் கோக்கத் தெரியாதவளாடா நான்?"

ராத்திரி தம்பி கூப்பிட்டான். சேவல் விஷயத்தில் இன்றைக்கு அவன் தொலைந்தான் என்று போனை நீட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அப்பத்தா கேட்டதெல்லாம், எப்ப வர்றே என்பதுதான். தைக்கு வரப் பார்க்கிறேன் என்றான்.

"வா, வா. அதுக்குள்ள சேவலுக்கு இறகு முளைச்சிரும்."