வெள்ளை அணுவில் 'எல்' விழுந்தால் பழைய ரிப்போர்ட்டைத் தேடுங்கள்

டெங்கி பரவ ஆரம்பித்துவிட்டால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் யாரைப் பார்த்தாலும் "பிளேட்லெட் எத்தனை?" என்றுதான் பேச்சு. அதற்குப் பப்பாளி இலைச் சாறு, நண்டு சூப் என்று ஆளுக்கொரு வைத்தியம் வேறு. அதே தாளில் இருக்கும் வெள்ளை அணுவை யாரும் கண்டுகொள்வதில்லை, பக்கத்தில் 'எல்' (Low, அதாவது குறைவு) என்று ஒரு எழுத்து விழும் வரைக்கும். விழுந்துவிட்டால் போச்சு. நான் லேபில் வேலை செய்வது தெரிந்ததால் செம்பனைத் தோட்டத்து அக்கா ஒருவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, 3.7-னு போட்டிருக்கு, இது ரத்தப் புற்றுநோயா?" என்றே கேட்டுவிட்டார். காய்ச்சல் இல்லை, மெலியவில்லை, வழக்கமான சோதனைக்குக் கொடுத்த ரத்தம்தான்.

அந்தத் தாளில் 4 முதல் 11 வரை என்று ஓர் அளவு அச்சாகியிருக்கும், அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை. இப்படிப்பட்ட அளவை எப்படி வைக்கிறார்கள் என்றால், ஆரோக்கியமானவர்கள் நிறையப் பேரிடம் ரத்தம் எடுத்து எண்ணி, மேலே 2.5 சதவீதம், கீழே 2.5 சதவீதம் பேரைத் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதை 'நார்மல்' என்பார்கள். ஆக, நோய் எதுவும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் கணக்குப்படியே வெளியே நிற்பார்கள். சரி, அந்த ஆரோக்கியமானவர்கள் யார்? பழைய பாடப்புத்தக அளவுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆப்பிரிக்க வம்சாவளி மக்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. அவர்களில் பலருக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கை, அதாவது கிருமியை முதலில் போய்ப் பிடிக்கும் வெள்ளை அணு, பிறவியிலேயே குறைவு, ஆனால் நோய் அதிகம் வருவதில்லை. 2009-இல் காரணம் பிடிபட்டது. முதலாம் குரோமோசோமில் டஃபி என்ற ரத்தவகைக்கான மரபணு இருக்கிறது. அதன் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறினால் சிவப்பணுவின் மேல் டஃபி புரதம் வராது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால் நியூட்ரோஃபில் எண்ணிக்கை குறையும். எலும்பு மஜ்ஜை நன்றாகத்தான் வேலை செய்கிறது, அணுக்கள் ரத்தத்தில் சுற்றாமல் திசுக்களுக்குப் போய்விடுகின்றன என்பது ஒரு விளக்கம். தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் தலையை எண்ணும்போது பாதிப் பேர் ஏற்கெனவே மர வரிசைக்கு, அதாவது நிரைக்குப் போய்விட்டிருந்தால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்!

இதை அறியாமல் நிறையப் பேருக்கு மருந்தே மறுக்கப்பட்டிருக்கிறது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசாபின் வெள்ளை அணுவைக் குறைக்கக்கூடியது, அதனால் நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டரில் 1,000-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க விதியாக இருந்தது. 2015-இல்தான் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு அதை 500 என்று இறக்கினார்கள்.

உடனே "அப்போ நமக்கும் அதுதான்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். தமிழர்களிடம் இந்த டஃபி மாற்றம் அரிது. சிவப்பணுவில் டஃபி இல்லையென்றால் வைவாக்ஸ் மலேரியாக் கிருமியால் எளிதில் உள்ளே நுழைய முடியாது. ஆப்பிரிக்காவில் இந்த டஃபி மாற்றம் பரவியதற்கு அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் கொள்ளுத்தாத்தாக்களுக்கு அந்தக் கவசம் கிடையாது, தோட்டம் தோட்டமாகக் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். டாக்டர் மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளானில் வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்த பிறகுதான் கொசுவை அடக்கலாம் என்ற நம்பிக்கையே வந்தது.

நமக்கென்று வேறு கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. 2020-இல் ஐந்து பெரும் மக்கள்கூட்டங்களைச் சேர்ந்த 7,46,667 பேரின் ரத்த எண்ணிக்கையையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தார்கள். தெற்காசியர்களிடம் ஐ.எல்.7 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் கிடைத்தது, அது லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஐரோப்பியர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது சிக்கியிருக்காது.

ஆனால் இனத்தை வைத்து மட்டும் முடிவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. நம் விண்ணப்பப் பாரங்களில் மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் (மற்றவர்) என்று நாலு கட்டம். அந்த 'இந்தியர்' கட்டத்துக்குள் தமிழர், பஞ்சாபி, மலையாளி எல்லோரும் அடக்கம். அம்மா சீனர், அப்பா தமிழர் என்றால் பிள்ளை எந்தக் கட்டம்? எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு, புகைபிடித்தால், உடல் எடை கூடினால், ஸ்டீராய்டு சாப்பிட்டால் ஏறவும் ஏறும். கட்டத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

அதனால்தான் பழைய ரிப்போர்ட்டைக் கேட்கிறேன். அக்கா பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து எடுத்து வந்த தாள்களில், மகன் பிறந்த பிறகு எடுத்ததில்கூட, நாலைத் தாண்டவே இல்லை. ஊதா மூடிக் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, கண்ணாடியில் ஒரு சொட்டு இழுத்துச் சாயம் போட்டுப் பார்த்தோம். நியூட்ரோஃபில்கள் உட்கருவில் மூன்று நான்கு மடல்களோடு ஒழுங்காகவே இருந்தன, டாக்டரும் பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். இதற்கு நேர்மாறாக, எப்போதும் 9-இல் இருப்பவருக்குக் காய்ச்சலில் 4.5 வந்தால் தாளில் 'எல்' விழாது, ஆனால் பாதியாகக் குறைந்திருக்கிறது, டெங்கியோ என்று நான் அவரைத்தான் முதலில் கவனிப்பேன்.

நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போய்க் கூடவே காய்ச்சலும் இருந்தால் பரம்பரை கிரம்பரை என்று பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.